12³ சதுர அடியும் ஓஆர்எம்மும்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்து டேனரிகளில் பதனிட்டு முடித்த தோலைத் திருப்பிப் பார்த்தால் 12³ என்பது போல ஓர் அளவு குறித்திருக்கும். கணக்கு வாத்தியார் 1728 என்பார். தோல்காரருக்கு அது பன்னிரண்டே முக்கால் சதுர அடி. மேலே பொடியாக எழுதும் 1, 2, 3 என்பவை கால், அரை, முக்கால்.

இதைக் கணினியில் ஏற்றுபவர் 12.3 என்று அடித்தால், தசம எண்ணுக்கான நெடுவரிசை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும். அடுத்த தோல் 4²; அது 4.2 ஆகும். கூட்டினால் 16.5. உண்மையில் பன்னிரண்டே முக்காலும் நாலரையும் சேர்ந்தால் பதினேழே கால். தோல் விலை போவதே சதுர அடிக் கணக்கில்தான் என்பதால், காணாமல் போன அந்த முக்கால் அடி யாரோ ஒருவரின் காசு.

ஹைபர்நேட், எஸ்கியூஎல் ஆல்கெமி, ஜாங்கோவில் உள்ளது போன்ற ஓஆர்எம்கள் (ORM) தரவுத்தள அட்டவணையின் ஒரு வரியை நிரலில் ஓர் ஆப்ஜெக்டாக ஆக்கித் தருபவை. முழு எண், எழுத்து, தேதி எல்லாம் அவற்றுக்குத் தெரியும். தோல் அளவு தெரியாது. நாம்தான் சொல்லித்தர வேண்டும். அதற்கு வேண்டியவை இரண்டே ஃபங்ஷன்கள். ஒன்று, சேமிக்கப் போகும்போது தோல் அளவுக்கென்று நாம் எழுதிய வகையை (டைப்) தரவுத்தளத்துக்குப் புரியும் வகையாக்கும். மற்றது, படிக்கும்போது திருப்பி மாற்றும். ஜாவா உலகில் 2013-இல் வந்த ஜேபிஏ 2.1 (ஓஆர்எம்களுக்கான ஜாவா தரநிலை) இதற்கென்றே அட்ரிபியூட் கன்வெர்ட்டரைக் கொண்டுவந்தது. எஸ்கியூஎல் ஆல்கெமியில் இந்த வேலைக்கு டைப் டெக்கரேட்டர்.

சரி, தரவுத்தளத்தில் எதைச் சேமிப்பது? என்னைக் கேட்டால், கால் அடிகளின் எண்ணிக்கையை, முழு எண்ணாக. 12³ என்பது 12 × 4 + 3, அதாவது 51. படிக்கும்போது 51-ஐ நான்கால் வகுத்தால் ஈவு 12, மீதி 3. மேலே சொன்ன இரண்டு தோல்களும் 51 + 18 = 69; தரவுத்தளமே கூட்டினாலும் பதினேழே கால் சரியாக வரும். எழுத்தாகவே "12³" என்று போட்டு வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். எழுத்து வரிசையில் 9-இல் தொடங்குவது 12-க்குப் பின்னால் போய் நிற்கும். பெரிய தோல் எது என்று கேட்டால் தப்பான பதில்தான் வரும்.

தேடலிலும் இதே மாற்றம் நடக்கும். பத்தரை அடிக்கு மேற்பட்ட தோல்களைக் கேட்டால், தரவுத்தளத்துக்குப் போவது 42. அளவே எடுக்காத தோலுக்கு அங்கே நல் (null), அதாவது மதிப்பே இல்லை என்ற குறி, இருக்கும். அதைப் பூஜ்யமாக மாற்றிவிடாமல் நல்லாகவே விட வேண்டும்.

அப்புறம், பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. எது மாறியது என்று கண்டுபிடிக்க ஓஆர்எம் பழைய மதிப்பையும் புதியதையும் ஒப்பிடும். இரண்டு 12³ ஆப்ஜெக்டுகள் சமம் என்று நம் வகையில் எழுதாவிட்டால், எதுவும் மாறாத வரிக்கும் ஹைபர்நேட் தரவுத்தளத்துக்கு அப்டேட் கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆப்ஜெக்டின் உள்ளேயே அளவை மாற்றினாலோ எதிர்த்திசைக் கோளாறு: எஸ்கியூஎல் ஆல்கெமி அதைக் கவனிக்காமலே போகலாம். உருவாக்கிய பின் மாற்ற முடியாத வகையாக எழுதிவிட்டால் இந்த இரண்டாவது தொல்லை இல்லை.

ஓஆர்எம்மைத் தொடாமல் தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லை நேரடியாக எழுதி அறிக்கை எடுப்பவருக்கு மட்டும் வெறும் 51 தெரியும். நெடுவரிசைக்கு "பரப்பு" என்று பெயர் வைக்காமல் "பரப்பு_கால்அடி" என்று வைத்தால் அவரும் நான்கால் வகுத்துக்கொள்வார்.