புதுச்சேரியில் சொந்தச் சிறு விமானம்: சலுகை எதற்கு உண்டு, எதற்கு இல்லை

லாஸ்பேட்டை விமான நிலையத்தின் ஓடுபாதை ஏறத்தாழ 1,500 மீட்டர் நீளமுள்ளது. நான்கு பேர் அமரும் செஸ்னா 172 போன்ற விமானம் மேலெழ அதில் பாதி நீளமே போதும் என்பதால், சொந்த விமானம் வைத்துக்கொள்ள நினைக்கும் புதுச்சேரி, கடலூர்வாசிகளுக்கு ஓடுபாதை ஒரு தடையன்று. வரியும் பராமரிப்புமே தடை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2016-இல் அறிவிக்கப்பட்ட உடான் திட்டத்தில் சொந்த விமானத்துக்கு மானியம் கிடைக்காது. ஒரு மணி நேரப் பயணத்துக்குத் தொடக்கத்தில் 2,500 ரூபாய் என்றிருந்த உச்சவரம்போடு குறிப்பிட்ட இருக்கைகளை விற்கும் விமான நிறுவனத்துக்கு, அதனால் ஏற்படும் இழப்பை ஈடுகட்டுவதே அத்திட்டம். 2017 ஆகஸ்டில் புதுச்சேரிக்கும் ஐதராபாத்துக்கும் இடையே தொடங்கிய சேவை அவ்வாறு வந்ததுதான். அரசு உதவுவது பயணியின் இருக்கைக்கே அன்றி, விமானத்தின் உரிமையாளருக்கு அன்று.

வரியில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. சொந்தப் பயன்பாட்டுக்கான விமானத்துக்கு முன்பு 28 சதவீத ஜிஎஸ்டியும் 3 சதவீத செஸ் வரியும் இருந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதமாகிவிட்டது. அதே விமானத்தைப் பயிற்சிப் பள்ளியோ பயணிகள் சேவை நிறுவனமோ வாங்கினால் 5 சதவீதம்தான். ஒரு கோடி ரூபாய் விலையுள்ள விமானத்துக்குத் தனிநபர் 40 லட்சமும், பயிற்சிப் பள்ளி 5 லட்சமும் வரியாகச் செலுத்தும். தனிநபர் தாம் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக (தொழில் நடத்துபவர் தம் வரியிலிருந்து கழித்துக்கொள்ளும் தொகையாக) திரும்பப் பெறவும் வழியில்லை. உல்லாசப் படகுக்கும் இதே 40 சதவீதம்தான் என்பதிலிருந்து, சிறு விமானத்தை அரசு எந்த வரிசையில் வைத்திருக்கிறது என்பது விளங்கும்.

வரியை நீக்கினாலும் விலை எல்லாருக்கும் எட்டும் அளவுக்கு இறங்கிவிடாது என்பது என் கருத்து. சிறு விமானங்கள் கார்களைப் போல லட்சக்கணக்கில் தயாராவதில்லை. 1950-களில் உருவான செஸ்னா 172, இத்தனை ஆண்டுகளில் மொத்தம் ஏறத்தாழ 45,000 மட்டுமே தயாராகியிருக்கிறது. ஒவ்வொரு உதிரிபாகமும் சான்றளிக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதால், கடைத்தெருவில் கிடைக்கும் மலிவான திருகாணியைக்கூட மாட்ட முடியாது.

வாங்கிய பின் வரும் செலவில் பெரும்பகுதி, விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் வருவது. நிறுத்துமிடம், காப்பீடு, பறக்கும் தகுதி குறித்த ஆண்டு ஆய்வு ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 8 லட்சம் ஆகிறது என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொண்டால், 50 மணி நேரம் மட்டும் பறப்பவருக்கு மணிக்கு 16,000 ரூபாய் விழும். 400 மணி நேரம் பறக்கும் பயிற்சிப் பள்ளிக்கு 2,000 ரூபாய்தான். எரிபொருள் இதற்கு மேல். நம் ஊருக்கு மட்டும் ஒரு கூடுதல் தொல்லை உண்டு: உப்புக் காற்று அலுமினியத் தகட்டின் இணைப்புகளில் அரிப்பை ஏற்படுத்துமாதலால், கடலோரத்தில் நிற்கும் விமானத்தை அடிக்கடி கழுவி, அரிப்புத் தடுப்புப் பூச்சுப் பூச வேண்டும்.

விமானத்தை விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தில் பதிந்து, ‘விடி’ (VT) என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் பதிவு எண்ணும் பறக்கும் தகுதிச் சான்றும் பெற வேண்டும். தாமே ஓட்டத் தனிநபர் விமானி உரிமம் பெற விரும்புபவர் 17 வயது நிறைந்தவராகவும், பத்தாம் வகுப்பு தேறியவராகவும், குறைந்தது 40 மணி நேரம் பறந்து பயின்றவராகவும் இருக்க வேண்டும். இரண்டாம் நிலை மருத்துவச் சான்றும் தேவை. ஏறி அமர்ந்தவுடன் கிளம்பிவிடவும் முடியாது. அருகிலிருக்கும் நெய்வேலி வரை போவதானாலும் பறத்தல் திட்டம் கொடுத்து, வான் பாதுகாப்பு அனுமதி எண் வாங்க வேண்டும். இறங்குவதற்கு அந்த ஓடுதளத்துக்கு உரியவரின் இசைவும் வேண்டும்.

செலவை ஈடுகட்ட, சுற்றுலாப் பயணிகளைக் கடற்கரைக்கு மேல் சுற்றிக் காட்டிக் கட்டணம் வாங்கலாமா என்று சிலர் கேட்கின்றனர். சொந்தப் பயன்பாட்டுக்கெனப் பதிவான விமானத்தில் அதற்கு அனுமதியில்லை. தனிநபர் உரிமம் வைத்திருப்பவர் ஊதியத்துக்கு ஓட்டவும் கூடாது. அத்தொழிலுக்கு, அட்டவணையிடப்படாத சேவைக்கான தனி அனுமதியும் வணிக உரிமம் பெற்ற விமானியும் வேண்டும்.