எழுத்தின் பெயர் போதாது, சத்தம் தெரிய வேண்டும்

"ஏ பி சி டி முழுசா சொல்றான் மேடம், ஆனா ஒரு வார்த்தை கூடப் படிக்க மாட்டேங்கிறான்." ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளை வாசிப்புப் பயிற்சிக்கு அழைத்து வரும் பெற்றோர் பலரும் சொல்வது இதைத்தான். எஸ், யு, என் என்று எவ்வளவு வேகமாக ஒப்பித்தாலும் 'சன்' வராது. ஸ், அ, ன் என்று அந்த எழுத்துகளின் ஒலிகளைக் கூட்டினால்தான் வரும். அப்படிக் கூட்டிப் படிக்கப் பழக்குவதுதான் ஃபோனிக்ஸ்.

சரி, ஃபோனிக்ஸ் வகுப்புக்குப் போயும் சில பிள்ளைகள் ஏன் திணறுகிறார்கள்? படிக்கச் சொல்லிக் கேளுங்கள். "ஸு... அ... னு... ஸுவனு!" பஸ்ஸை 'பஸ்ஸு' என்றும் கப்பை 'கப்பு' என்றும் சொல்லிப் பழகிய நாக்கு நமக்கு. சொல்லித்தருபவர் வாயிலும் அந்த உகரம் ஒட்டிக்கொண்டே வரும். அதை வெட்டாமல் ஒலிகள் ஒன்று சேராது.

நம் மெய்யெழுத்தின் புள்ளி இதற்குப் பெரிய உதவி. உயிர் சேராத ஒலியைத்தான் அது காட்டுகிறது. ஆனால் அதையும் 'இம், இன், இப்' என்றுதானே ஒப்பிக்க வைக்கிறோம்? முன்னால் வரும் இகரத்தை விட்டுவிட்டு, உதட்டை மூடி 'ம்ம்ம்' என்று மட்டும் நீட்டிக் காட்டுங்கள். ம், ன், ஸ், ஃப் நீட்ட முடிகிற ஒலிகள் என்பதால் அவற்றில் தொடங்கும் சொற்கள் முதலில் வரட்டும். ப், ட், க் நீட்ட வராது. அவற்றைக் குசுகுசுவென்று சொன்னால் உகரம் ஒட்டாது.

புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே காதைப் பழக்கலாம், அதுவும் தமிழிலேயே. சமையலறையில் நின்றுகொண்டு "ப்... ஆ... ல் எங்கே இருக்கு?" என்று கேளுங்கள். குழந்தை ஃபிரிட்ஜைக் காட்டினால் ஒலிகளைக் கூட்டத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். இந்தத் திறன் ஆங்கில வாசிப்புக்கும் அப்படியே கைகொடுக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'பால்', 'பஸ்' இரண்டையும் நாம் ஒரே 'ப'வில் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் அவை இரண்டு ஒலிகள், இரண்டு எழுத்துகள். தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். 'பஸ்' தொடங்கும்போது அதிர்வு உடனே தெரியும். 'பால்' என்னும்போது உதடு திறந்த பிறகுதான் வரும்.

பிள்ளை உண்மையிலேயே படிக்கிறதா, படத்தைப் பார்த்து மனப்பாடமாகச் சொல்கிறதா என்ற சந்தேகம் வந்தால், இல்லாத சொல் ஒன்றை எழுதிக் கொடுங்கள். இங்கிலாந்தில் 2012 முதல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடக்கும் ஃபோனிக்ஸ் தேர்வில் 40 சொற்கள். அவற்றில் 20 பொருளே இல்லாதவை.

எல்லாச் சொல்லும் இப்படிக் கூட்டினால் வந்துவிடாது. எஸ், ஏ, ஐ, டி என்று எழுதி, 'சொன்னார்' என்ற பொருளில் 'செட்' என்று வாசிக்க வேண்டிய சொல்லின் எழுத்துகளைக் கூட்டினால் 'செய்ட்' என்று வரும். இப்படி ஒலிக்கு அடங்காதவற்றை வாரத்துக்கு இரண்டு மூன்றாகத் தனியே பழக்கினால் போதும்.

ஒலிகளைச் சரியாகச் சொல்லிக்கொடுத்தும் இரண்டாம் வகுப்பில் மூன்று எழுத்துச் சொல்லைக் கூட்டத் திணறினால், அதட்டாதீர்கள், டியூஷனும் மாற்றாதீர்கள். முதலில் காதையும் கண்ணையும் பரிசோதித்துவிடுங்கள். அப்புறம் டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பைக் கடினமாக்கும் கற்றல் குறைபாடு, இருக்கிறதா என்று சிறப்புக் கல்வியாளரிடம் காட்டுங்கள்.