‘நோ சிக்னல்’ வருவதற்கு முன் கம்பிக்குள் நடப்பது

“என் மானிட்டர் ஃபுல் எச்டி. நண்பர் அவருடைய லேப்டாப்பையும் கேபிளையும் கொண்டுவந்து சொருகினால் 1920×1080 பளிச்சென்று வருகிறது. என்னுடையதில் 1024×768-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. எழுத்தெல்லாம் அகலமாக இழுத்துக்கொண்டு தெரிகிறது. லேப்டாப்பின் போர்ட் போய்விட்டதா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

படம் வருகிறது என்றால் படத்தைச் சுமக்கும் கம்பிகள் வேலை செய்கின்றன என்று பொருள். பழுது பெரும்பாலும் வேறு கம்பியில். படம் கிளம்புவதற்கு முன்னால் மானிட்டர் தன்னைப் பற்றி லேப்டாப்பிடம் சொல்லியாக வேண்டும். அந்தப் பேச்சுக்கென்று தனிக் கம்பிகள் இருக்கின்றன. வெளி மானிட்டர் தகராறுகளில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது.

லேப்டாப்பையும் மானிட்டரையும் இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிளின் முனையில் 19 ஊசிகள். அவற்றில் 12 படத்துக்கு: மூன்று தரவு ஜோடிகள், ஒரு கடிகார ஜோடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கவசக் கம்பி. மீதியில் 15, 16, 18, 19 ஆகிய நான்கைக் கவனிப்போம். 18-இல் லேப்டாப் 5 வோல்ட் தருகிறது. கேபிள் சொருகப்பட்டதும் மானிட்டர் அதே மின்னழுத்தத்தை ஒரு மின்தடை வழியாக 19-ஆவது ஊசியில் திருப்பி அனுப்புகிறது. 19 உயர்ந்தால் “மறுமுனையில் யாரோ இருக்கிறார்கள்”, தாழ்ந்தால் “கழற்றிவிட்டார்கள்”. லேப்டாப்புக்கு மானிட்டர் இருப்பது தெரிவது இப்படித்தான். கேபிள் முனை அரை மில்லிமீட்டர் வெளியே நகர்ந்து 19 மட்டும் தொடாமல் போனால், மற்ற பதினெட்டும் சரியாக இருந்தும் திரை கறுப்புதான். அதனால் முதல் சோதனை எப்போதும் இரு முனைகளையும் முழுசாகக் கழற்றி, தடித்த லேப்டாப் உறை ஏதாவது இருந்தால் எடுத்துவிட்டு, அழுத்திச் சொருகுவது.

19 உயர்ந்ததும் லேப்டாப் 15, 16 ஊசிகளில் கேள்வி கேட்கிறது. ஒன்று கடிகாரம், ஒன்று தரவு. பிலிப்ஸ் நிறுவனம் 1982-இல் உருவாக்கிய ஐ-ஸ்கொயர்-சி என்ற பழைய முறைதான் இது. மானிட்டருக்குள் 80-ஆம் எண் முகவரியில் மிளகளவு நினைவகச் சிப் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதில் 128 பைட். இதற்கு இடிஐடி என்று பெயர். வெசா என்ற தர அமைப்பு 1994-இல் வகுத்தது; இன்றைய 4கே மானிட்டர்களிலும் இதன் அடிப்படை வடிவம் மாறவில்லை. நொடிக்கு ஒரு லட்சம் துடிப்பு என்ற வேகத்தில் 128 பைட்டையும் படித்து முடிக்க ஏறத்தாழ 12 மில்லிவினாடி போதும்.

அந்தச் சிப்புக்கான மின்சாரம் மானிட்டரின் பிளக்கிலிருந்து வர வேண்டியதில்லை. லேப்டாப் தரும் அதே 5 வோல்ட் போதும். சுவரில் சுவிட்ச் போடாத மானிட்டரும் தன் பெயரைச் சொல்லும்! அணைத்து வைத்த மானிட்டருக்குள் நிரல்களின் ஜன்னல்கள் போய் ஒளிந்துகொள்வதற்குக் காரணம் இதுதான். விண்டோஸ் விசையையும் பி (P) விசையையும் சேர்த்து அழுத்தி, முதல் தேர்வான லேப்டாப் திரை மட்டும் என்பதை எடுத்தால் அவை திரும்பி வந்துவிடும்.

128 பைட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது ஒரு சுகம். முதல் எட்டு பைட் எல்லா மானிட்டருக்கும் ஒன்றே: ஒரு 0, ஆறு 255, மீண்டும் ஒரு 0. “இங்கிருந்து படி” என்ற அடையாளம். அடுத்த இரண்டு பைட்டில் தயாரிப்பாளரின் மூன்றெழுத்து. இரண்டு பைட்டில் 16 பிட்தானே, மூன்று எழுத்து எப்படி அடங்கும்? ஆங்கில எழுத்துகள் 26; ஓர் எழுத்துக்கு ஐந்து பிட் போதும்; மூன்றுக்கு 15. ஒரு பிட் மிச்சம்! எல்ஜி மானிட்டரில் இந்த இடத்தில் 30, 109 என்று இருக்கும். பிரித்தால் 7, 19, 13, அதாவது ஜி, எஸ், எம். எல்ஜி மின்னணுப் பிரிவின் பழைய பெயர் கோல்ட்ஸ்டார். பெயர் மாறி முப்பது ஆண்டு ஆனாலும் சிப்புக்குள் இன்னும் கோல்ட்ஸ்டார்தான்.

பிறகு தயாரித்த வாரம், ஆண்டு. ஆண்டைக் கண்டுபிடிக்க 1990-ஐக் கூட்ட வேண்டும்: 31 என்று இருந்தால் 2021. பழைய மானிட்டர் வாங்குகிறவர்கள் விற்பவர் சொல்லும் வயதை இதை வைத்துச் சரிபார்க்கலாம். அடுத்து திரையின் அகல உயரம் சென்டிமீட்டரில்.

55-ஆம் பைட்டில்தான் உயிர்நாடி தொடங்குகிறது: இந்தத் திரைக்கு எது இயல்பான அளவு என்ற 18 பைட் விவரம். நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் ஃபுல் எச்டி 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் முதல் இரண்டு பைட் 2, 58 என்று இருக்கும். 58-ஐ 256-ஆல் பெருக்கி 2-ஐக் கூட்டினால் 14850. அலகு 10 கிலோஹெர்ட்ஸ், ஆகவே 148.5 மெகாஹெர்ட்ஸ், நொடிக்கு 14.85 கோடி புள்ளி. ஆனால் 1920-ஐ 1080-ஆல் பெருக்கி 60-ஆல் பெருக்கினால் 12.44 கோடிதானே வருகிறது? மீதி இரண்டு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள் யாருக்கும் தெரியாத புள்ளிகள். கம்பியில் உண்மையில் போவது 2200×1125. பழைய படக்குழாய்த் திரையில் எலக்ட்ரான் கற்றை ஒரு வரியை முடித்துவிட்டு அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்ப நேரம் வேண்டியிருந்தது. அந்த ஓரம் அப்படியே தங்கிவிட்டது. எச்டிஎம்ஐ அதை வீணாக்கவில்லை. ஒலி முழுவதும் அந்தத் தெரியாத ஓரத்தில்தான் பயணம் செய்கிறது.

மானிட்டரில் ஒலி உண்டா என்பதை எச்டிஎம்ஐ கருவிகளில் இருக்கும் இரண்டாவது 128 பைட் பகுதி சொல்கிறது. முதல் பகுதி வந்து இரண்டாவது வராமல் போனால், லேப்டாப் மறுமுனையை ஒலி தெரியாத பழைய டிவிஐ திரை என்று எடுத்துக்கொள்ளும். ‘படம் வருகிறது, சத்தம் வரவில்லை’ என்ற புகாரில் ஒரு வகை இதுதான். ஒலி வெளியீட்டுப் பட்டியலில் மானிட்டரின் பெயரே காணவில்லை என்றால் இதைச் சந்தேகியுங்கள். பெயர் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

128-ஆவது பைட் காவல்காரன். முந்தைய 127-ஐயும் அதையும் சேர்த்துக் கூட்டினால் தொகை 256-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். ஒரே ஒரு பிட் புரண்டாலும் கூட்டல் இடிக்கும். லேப்டாப் அந்த விவரத்தை நம்பாமல், எல்லாத் திரையும் தாங்கும் 640×480 அல்லது 1024×768-க்குப் பின்வாங்கிவிடும். வாசகருக்கு நேர்ந்திருப்பது அநேகமாக இது.

பிட் ஏன் புரளுகிறது? ஐ-ஸ்கொயர்-சி கம்பியின் மின்னழுத்தத்தை மேலே இழுப்பது ஒரு மின்தடை. பேச விரும்புகிறவர் கம்பியைக் கீழே இழுத்துவிட்டு விடுவிப்பார். விட்டதும் கம்பி தானாக மேலேற வேண்டும். கேபிள் நீளமாக நீளமாக மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் அதன் தன்மை (மின்தேக்கம்) கூடுகிறது, ஏற்றம் மந்தமாகிறது, ‘1’ என்று படிக்க வேண்டிய நேரத்தில் கம்பி இன்னும் பாதி உயரத்தில் நிற்கிறது. கல்லூரி அரங்கின் கூரை வழியாக 15 மீட்டர் இழுத்த மலிவுக் கேபிளில் புரொஜெக்டர் ஒரு நாள் வந்து மறுநாள் வராமல் போவதற்கு இது ஒரு காரணம். எச்டிஎம்ஐக்கு முந்தைய விஜிஏ கேபிளில் கதை இன்னும் எளிது: 12, 15-ஆம் ஊசிகள்தான் அங்கே இந்தப் பேச்சுக்கு, அவற்றுக்குக் கம்பியே வைக்காத கேபிள்கள் கடைகளில் உண்டு. படம் வரும், பெயர் வராது.

கண்டுபிடிக்கும் வழி: விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து மானிட்டர்ஸ் என்ற வரியை விரியுங்கள். மானிட்டரின் பெயரோ ‘ஜெனரிக் பிஎன்பி மானிட்டர்’ என்றோ இருந்தால் இடிஐடி வந்து சேர்ந்திருக்கிறது. கேபிளைக் குறை சொல்லாமல், கணினியில் படத்தைக் கையாளும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவரைப் பாருங்கள். ‘ஜெனரிக் நான்-பிஎன்பி மானிட்டர்’ என்று இருந்தால் பேச்சு நடக்கவே இல்லை. இடையில் இருக்கும் ஸ்பிளிட்டர், சுவிட்ச், நீட்டிப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இரண்டு மீட்டருக்குள் உள்ள கேபிளால் நேராக இணையுங்கள். அப்போது பெயர் வந்தால் குற்றவாளி இடையில் இருந்தது. அரங்கு போல நீளத்தைக் குறைக்க வழியில்லாத இடங்களில் இடிஐடி எமுலேட்டர் என்ற சிறு முனையை லேப்டாப் பக்கம் சொருகினால், விவரத்தை அதுவே சொல்லிவிடும். ஆனால் அது அடையாளப் பேச்சை மட்டும்தான் காப்பாற்றும். நீளத்தால் படமே மின்னி மின்னி அணைந்தால் நல்ல கேபிள்தான் வேண்டும்.

பெயரும் வந்து, அளவும் சரியாக இருந்து, 4கே திரையில் சுட்டி மட்டும் விட்டு விட்டு நகர்ந்தால் கணக்கு வேறு. 4கே 60 ஹெர்ட்ஸுக்கு ஓரங்களையும் சேர்த்து 4400×2250×60, அதாவது 594 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டின் உச்சவரம்பு 340. அதனால் 30 ஹெர்ட்ஸில் 297 ஆக்கி ஓட்டுகிறது. எச்டிஎம்ஐ 2.0-இன் வரம்பு 600. லேப்டாப் 1.4 என்றால் எந்தக் கேபிளாலும் இதை மாற்ற முடியாது. யுஎஸ்பி-சி அல்லது எச்டிஎம்ஐ போன்ற இன்னொரு பட இணைப்பான டிஸ்ப்ளே போர்ட் வழியே போங்கள்.

யுஎஸ்பி-சி-யிலும் ஒரு பொறி உண்டு. துளை ஒரே வடிவம், ஆனால் எல்லாத் துளையும் படம் தராது. அருகில் டிஸ்ப்ளே போர்ட் சின்னமோ மின்னல் அம்புக்குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் என்றால் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் ‘டிஸ்ப்ளே போர்ட் ஆல்ட் மோட்’ என்று தேடுங்கள். போனுடன் வரும் சார்ஜிங் கேபிள்கள் பலவற்றில் அதிவேகக் கம்பிகளே இருக்காது. அவற்றில் மின்சாரம் போகும், படம் போகாது. அதேபோல டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் கேபிள் ஒருவழிப் பாதை. லேப்டாப் எச்டிஎம்ஐ, மானிட்டர் டிஸ்ப்ளே போர்ட் என்று திருப்பிச் சொருகினால் வராது.

‘பிளக்கைப் பிடுங்கி அரை நிமிடம் காத்திரு’ என்ற வைத்தியத்தைப் பலர் சடங்கு போலச் செய்கிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. பட்டனால் அணைத்த மானிட்டரின் உள்கட்டுப்பாட்டுச் சுற்று தூங்குவதில்லை. குழம்பிய நிலை அப்படியே நிற்கும். பிளக்கைப் பிடுங்கினாலும் லேப்டாப்பின் 5 வோல்ட் உள்ளே போய்க்கொண்டிருக்கும். ஆகவே பிளக், வீடியோ கேபிள் இரண்டையும் எடுத்தால்தான் முழு ஓய்வு. லேப்டாப் பக்கத்திலும் விண்டோஸின் ‘ஷட் டவுன்’ வேக இயக்கத்துக்காக டிரைவர் நிலையைச் சேமித்து வைத்துக்கொள்ளும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் டிரைவர் புதிதாகத் தொடங்கும். வேலையை மூட நேரமில்லை என்றால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி எழும்.

காரணமே இல்லாத நம்பிக்கையும் ஒன்று உண்டு: தங்க முலாம் பூசிய கேபிளில் வண்ணம் தூக்கலாக இருக்கும் என்பது. முலாம் துருவைத் தடுக்கும், அவ்வளவுதான். பிட் சரியாக வந்து சேர்ந்தால் படம் ஒன்றே; சேராவிட்டால் பொட்டுப் பொட்டாக மின்னும் அல்லது அணையும். கூடுதல் ஆயிரம் ரூபாயால் சிவப்பு இன்னும் சிவப்பாகாது. கறுப்பு வெளிறித் தெரிந்தால் அமைப்பில் வண்ண வரம்பு 16 முதல் 235 வரை என்ற டிவி முறையில் இருக்கிறதா என்று பார்த்து, 0 முதல் 255 வரை என்று மாற்றுங்கள். அதற்குச் செலவில்லை.

இந்தத் தரங்கள் திறந்த ஏடாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெசா இடிஐடி ஆவணத்தை யாரும் படிக்கத் தருகிறது. அதனால்தான் ஒரு பள்ளி மாணவர்கூட லினக்ஸில் தன் மானிட்டரின் 128 பைட்டையும் எடுத்துக் கையால் கூட்டிப் பார்க்க முடிகிறது. எச்டிஎம்ஐ விதிகளோ உரிமம் பெற்றவர்களுக்கு மட்டும். எச்டிஎம்ஐ 2.1-க்கான திறமூல லினக்ஸ் டிரைவரை வெளியிட கிராஃபிக்ஸ் சிப் நிறுவனமான ஏஎம்டி கேட்டபோது எச்டிஎம்ஐ மன்றம் மறுத்த செய்தி 2024-இல் வெளிவந்தது. அதனால் வன்பொருளில் வேகம் இருந்தும் லினக்ஸ் பயனர்களுக்கு அது பூட்டிக் கிடந்தது. தேர்வு இருக்கும்போது டிஸ்ப்ளே போர்ட்டை எடுங்கள் என்று சொல்ல இதுவும் ஒரு காரணம்.

அப்படி எடுக்கும்போது கேபிளில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். டிஸ்ப்ளே போர்ட்டின் 20-ஆம் ஊசி 3.3 வோல்ட் தருவது. இரு முனைகளிலும் தரும். சாதாரண கேபிளில் அந்த ஊசிக்குக் கம்பி இருக்கக் கூடாது என்பது விதி. விதியை மீறிய மலிவுக் கேபிளில் இரு கருவிகளின் மின்வழங்கிகளும் ஒன்றோடொன்று இணைந்துவிடும். அணைத்த கணினிக்குள் மானிட்டரின் மின்சாரம் கசிந்து, அது இயங்கத் தொடங்காமல் மக்கர் செய்யும். மானிட்டரைக் கழற்றினால் மட்டும் கணினி சரியாக எழுகிறது என்றால், மதர்போர்டைப் பிரிப்பதற்கு முன் அந்தக் கேபிளை மாற்றிப் பாருங்கள்.