காப்பிகேட் குற்றம்: தமிழில் எப்படிச் சொல்வது?

பள்ளித் துப்பாக்கிச்சூட்டுச் செய்திகளில் ‘காப்பிகேட்’ என்ற சொல் அடிக்கடி தலைகாட்டுகிறது. முன்பு நடந்த ஒரு தாக்குதலைச் செய்தி வழியே அறிந்து, அதையே முன்மாதிரியாக வைத்து இன்னொருவர் தாக்குவதைக் குறிக்கும் சொல் அது.

பிறப்பில் இது விளையாட்டுப் பேச்சு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே, தங்களைப் பார்த்து அப்படியே செய்யும் தோழர்களை அமெரிக்கக் குழந்தைகள் ‘காப்பிப் பூனை’ என்று கேலி செய்தார்கள். குற்றவியலுக்கு அது பின்னர் வந்தது. கருத்து மட்டும் அதற்கும் முந்தியது: 1888இல் லண்டனின் வைட்சாப்பல் பகுதியில் நடந்த ‘ஜாக் தி ரிப்பர்’ தொடர் கொலைகளின் செய்தி பரவிய பிறகு அதே பாணிக் குற்றங்கள் வேறு இடங்களிலும் நடந்ததைப் பிரெஞ்சு அறிஞர் கப்ரியேல் தார்த் எடுத்துக்காட்டினார்.

இன்று இந்தச் சொல்லுக்குக் கனம் சேர்த்தது கொலம்பைன். 1999 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் அந்தப் பள்ளியில் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் கொல்லப்பட்டனர். எட்டே நாளில் கனடாவின் டேபர் நகரப் பள்ளி ஒன்றில் ஒரு சிறுவன் சுட்டதில் மாணவர் ஒருவர் இறந்தார். ஒரு சம்பவத்துக்குப் பிறகு சராசரியாக 13 நாட்கள் ஆபத்து கூடுதலாக இருக்கும் என்று 2015இல் ஓர் ஆய்வு சொன்னது. பின்னர் வந்த ஆய்வாளர்கள் சிலர் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. நாள்கணக்கில் எனக்கும் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் பிற்காலத் தாக்குதலாளிகள் பலர் கொலம்பைனைத் தேடித்தேடிப் படித்திருந்தார்கள் என்பது விசாரணைகளில் வெளிவந்த உண்மை. பெயரும் படமும் ஓயாமல் ஓடும்போது, கொன்றால் புகழ் கிடைக்கும் என்ற பாடம் போய்ச் சேருகிறது. 2019 கிறைஸ்ட்சர்ச் மசூதித் தாக்குதலுக்குப் பின் அப்போதைய நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்ன் கொலையாளியின் பெயரை உச்சரிக்க மறுத்தது மிகச் சரி.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘பின்பற்றுதல்’ நல்லாசிரியரையும் நல்வழியையும் நினைவூட்டும், இங்கே கூடாது. ‘ஈயடிச்சான் காப்பி’ புரியாமல் படியெடுப்பது. இவர்களோ புரிந்தே செய்கிறார்கள். ‘தொற்றுக் குற்றம்’ என்றால் செய்தவரின் பொறுப்பு நோயின் மேல் போய்விடும். ‘போலச்செய் குற்றம்’ என்பதே பொருத்தம். முன்மாதிரி ஒன்று இருந்ததை ‘போல’ காட்டுகிறது, செய்தவரை ‘செய்’ விட்டுவிடுவதில்லை. ‘போலச்செய் தாக்குதல்’ என்றும் எழுதலாம்.

‘போலிக் குற்றம்’ என்று மட்டும் சுருக்க வேண்டாம். பெரிய தாக்குதலுக்குப் பின் பள்ளிகளுக்கு வரும் வெற்று மிரட்டல் அழைப்புகளுக்குத்தான் ‘போலி’ என்ற அடைமொழி பொருந்தும்.