முதல் இரண்டு ஆண்டுகளின் கணக்கு

மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு பெண் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால், பொழுது சாய்வதற்குள் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் எல்லாவற்றுக்கும் செய்தி போய்விடும். தாய்மாமன் சீர், மஞ்சள் நீர், உளுந்தங்களி, நல்லெண்ணெய் எல்லாம் குறைவில்லாமல் நடக்கும். அடுத்த மாதம் என்ன நடக்கும் என்பதை மட்டும் அவளிடம் யாரும் சொல்வதில்லை. பலருக்கு அடுத்த மாதம் எதுவுமே நடப்பதில்லை. அங்கிருந்துதான் பயம் தொடங்குகிறது.

எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பிள்ளை, மாதவிடாய் வந்த தேதிகளுக்குச் சுவர்க் காலண்டரில் பென்சிலால் புள்ளி வைத்திருந்ததைப் பார்த்தேன். ஜூனில் ஒன்று. ஜூலை வெறுமை. ஆகஸ்டில் ஒன்று, செப்டம்பரில் இரண்டு. கருப்பையில் கோளாறு என்று அம்மா கலங்கினார். கண்ணேறு என்றார் பாட்டி. அவள் உடம்பில் ஒரு குறையும் இல்லை.

மாதவிடாயின் தொடக்கம் கருப்பையில் இல்லை, மூளையில். அடிமூளையிலுள்ள ஹைப்போதலாமஸ், இந்த வேலையைப் பொறுத்தவரை குழந்தைப் பருவம் முழுவதும் ஏறக்குறைய உறங்கிக் கிடக்கிறது. பூப்புப் பருவம் நெருங்கும்போது அது விட்டு விட்டு ஒரு ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகிறது. முதலில் இரவுத் தூக்கத்தில்தான். அதை எழுப்பிவிடுவது கிஸ்பெப்டின் என்ற சிறு புரதம் என்பது 2003இல் தெரியவந்தது. அந்தப் புரதத்தின் செய்தியை வாங்கும் ஏற்பி பழுதானவர்கள் பருவமடையவே இல்லை என்பதைக் கண்டபோது கிடைத்த விடை அது. ஹைப்போதலாமஸ் அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி சினைப்பையைத் தூண்ட, ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சுரக்கிறது. மார்பு வளரத் தொடங்கி இரண்டு, இரண்டரை ஆண்டுகளில் முதல் மாதவிடாய் வருகிறது.

ஆனால் முதல் மாதவிடாய் வந்ததாலேயே கருமுட்டை வெளிவந்துவிட்டது என்று பொருளில்லை. ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் சில நாள் நின்றால், பிட்யூட்டரி ஒரே வீச்சில் ஹார்மோனைக் கொட்டி முட்டையை வெளியேற்ற வேண்டும். இந்தப் பழக்கம் மூளைக்குப் படிய ஓரிரண்டு ஆண்டுகள், சிலருக்கு அதற்கு மேலும் பிடிக்கும். முட்டை வெளிவராவிட்டால் புரோஜெஸ்டரோன் என்ற ஹார்மோன் சுரக்காது. கருப்பையின் உட்படலத்தைக் கட்டிக் காத்து, குறித்த நாளில் உதிரவிடுவது புரோஜெஸ்டரோன்தான். அது இல்லாத மாதங்களில் படலம் தன் போக்கில் வளர்ந்து, தாங்காமல் எப்போதோ உதிர்கிறது. காலண்டரில் புள்ளிகள் சிதறிக் கிடந்ததற்கு இதுவே காரணம்.

முதலில் வலியில்லாமல் வந்தது, ஓராண்டு கழித்து வலியோடு வருவதும் இதனால்தான். முட்டை ஒழுங்காக வெளிவரத் தொடங்கிய பிறகே புரோஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருள் அதிகம் சுரந்து கருப்பையை இறுக்கிப் பிடிக்கிறது. பள்ளிக்கே போக முடியாத அளவு வலித்தால் அதற்கு மருந்து உண்டு. பொறுத்துக்கொள் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

இந்த வயதில் 21 நாள் முதல் 45 நாள் வரை இடைவெளி இருப்பது இயல்பு. 90 நாளுக்கு மேல் வராமலிருந்தால், ஏழு நாளுக்கு மேல் நீடித்தால், மணிக்கொரு துணி நனைந்தால், 15 வயதாகியும் வராவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் சராசரியாக 30 முதல் 40 மில்லிலிட்டர் இரத்தம் போகிறது. அதோடு இரும்புச்சத்தும் போகிறது. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இறங்கினால் இரத்தசோகை. வாரம் ஒருமுறை பள்ளியில் தரும் நீல மாத்திரை அதற்காகத்தான். தோட்டத்து வீடுகளில் ஒரு சிக்கல்: சாப்பாட்டோடு கட்டன் சாயா, அதாவது பால் சேர்க்காத தேநீர், குடிக்கும் வழக்கம். தேநீரிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள், இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடலில் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். கீரையில் எலுமிச்சை பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

10 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்காக 2014இல் நாடு முழுவதும் தொடங்கிய தேசிய இளம்பருவ நலத்திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் தனிக் கிளினிக்குகள் உண்டு. பையன்களும் போகலாம்; தூக்கத்தில் விந்து வெளியேறுவது நோயல்ல என்பதை அவர்களுக்கும் ஒருவர் சொல்லியாக வேண்டும். பெண் பிள்ளைகள் போகும்போது காலண்டர் தாளைக் கிழித்து எடுத்துப் போங்கள். கடைசியாக எந்தத் தேதியில் வந்தது என்பதுதான் அங்கே கேட்கும் முதல் கேள்வி.