வாசலில் ஒரே ‘ஏ’, உள்ளே வேறு வேறு கணக்கு: உணவக ஆய்வு முடிவுகளை ஒரே சீராக வெளியிடுவது எப்படி?

உணவக வாசலில் ஒட்டியிருக்கும் ‘ஏ’ எல்லா ஊரிலும் ஒரே சேதியைச் சொல்வதில்லை. 1998-லிருந்து எழுத்துத் தரம் ஒட்டும் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பகுதி) 100 மதிப்பெண்ணில் தொடங்கி, குறைக்கு ஏற்பக் கழித்துக்கொண்டே வருவார்கள். 90-க்குக் கீழே இறங்காவிட்டால் ‘ஏ’. நியூயார்க் நகரத்தில் 2010-இல் வந்த முறை நேர் எதிர். அங்கே பூஜ்யத்தில் தொடங்கிக் குறைக்குக் குறை புள்ளி ஏறும். 13 வரை ‘ஏ’, 14 முதல் 27 வரை ‘பி’, அதற்கு மேல் ‘சி’. டொராண்டோவில் எழுத்தே கிடையாது. பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகள்தான்.

தூரத்து ஊர்கள் என்றால் பாதகமில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டிக்குள்ளேயே லாங் பீச், பாசடீனா இரண்டு நகரங்களுக்கும் சொந்தச் சுகாதாரத் துறை உண்டு. இப்படிப் பக்கத்துப் பக்கத்து எல்லைகளில் முறை மாறும்போது, சாப்பிட வருபவருக்கு எந்த அட்டையை எப்படிப் படிப்பது என்று தெரிவதில்லை. இரண்டு பக்கமும் கிளை வைத்திருப்பவர் ஒரே சமையலறை ஒழுங்குக்கு இரண்டு விதமான தரம் வாங்குகிறார்.

‘எல்லாரும் ஒரே அட்டையை ஒட்டிவிடலாம்’ என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் தீர்வு. உண்மையில் அட்டை கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. அதற்கு முன் அளவுகோலைச் சரிசெய்ய வேண்டும்.

ஃபிரிட்ஜில் இருக்கும் சமைத்த இறைச்சியின் நடுவில் தெர்மாமீட்டர் ஊசியைக் குத்தினால் 6 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது என்று வையுங்கள். கனடாவின் ஒன்டாரியோவில் வரம்பு 4, எனவே குறை. அமெரிக்காவின் முன்மாதிரி உணவு விதித்தொகுப்பில் (Food Code) 5, அங்கும் குறை. இங்கிலாந்தில் சட்ட வரம்பு 8, குறையே இல்லை. சூடாக வைக்கும் தட்டில் 58 டிகிரி இருந்தால், 57-ஐ வரம்பாக வைத்த அமெரிக்கத் தொகுப்பில் தேறிவிடும். 60 கேட்கும் ஒன்டாரியோவிலும் 63 கேட்கும் இங்கிலாந்திலும் தேறாது. வரம்பைப் பொதுவாக்காமல் அட்டையை மட்டும் பொதுவாக்கினால் பழைய குழப்பம் புது நிறத்தில் தொடரும். எந்த இடத்தில் அளப்பது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். குளிர்மேசைப் பாத்திரத்தை விளிம்புக்கு மேல் குவித்து நிரப்பியிருந்தால் அடியில் குளிர்ச்சி இருக்கும், மேலே இருக்காது. ஒருவர் அடியிலும் இன்னொருவர் மேலேயும் அளந்தால் இரண்டு அறிக்கைகள் வரும்.

விதி ஒன்றாக இருந்தும் முடிவு மாறுவதற்கு, என் கணிப்பில், ‘அங்கேயே சரிசெய்யப்பட்டது’ என்ற குறிப்புதான் பெரிய காரணம். கை கழுவும் தொட்டியில் சோப்பு இல்லை. ஆய்வாளர் சொன்னதும் ஊழியர் ஓடிப்போய் எடுத்து வைக்கிறார். ஒருவர் இதைப் பெரிய குறையாக எழுதிப் புள்ளியும் போடுவார். இன்னொருவர் ‘சரியாகிவிட்டது’ என்று விட்டுவிடுவார். ஆனால் சோப்பு வருவதற்கு முன் அந்தக் கைகள் உணவைத் தொட்டிருக்கின்றன. ஆகவே குறையை எழுதுவது, புள்ளி போடுவது, மறு ஆய்வு வைப்பது மூன்றையும் தனித்தனி முடிவுகளாக விதியில் பிரித்து வைப்பது நல்லது. சரிசெய்ததால் மறு ஆய்வு தேவைப்படாமல் போகலாம், பதிவு அழியக்கூடாது.

கூட்டுத்தொகையை வைத்து ஒரு முறையை இன்னொன்றாக மாற்றுவதும் ஆபத்து. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றிலும் உள்ள 0 முதல் 5 வரையிலான தரத்தில் உணவைக் கையாளும் விதம், கட்டடத்தின் நிலை, நிர்வாகத்தின் மீதான நம்பிக்கை என மூன்று தலைப்புகள். புள்ளி கூடினால் தரம் இறங்கும். மூன்றிலும் 10 வாங்கினால் கூட்டுத்தொகை 30, தரம் 3. முதல் இரண்டில் 5, நிர்வாகத்தில் 20 என்றாலும் கூட்டுத்தொகை 30தான். ஆனால் தரம் 1. ஒவ்வொரு தரத்துக்கும், எந்த ஒரு தலைப்பிலும் தாண்டக்கூடாத உச்சவரம்பு இருப்பதே காரணம். கூட்டுத்தொகையை மட்டும் பொதுத் தளத்தில் ஏற்றினால் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். குறைவாரியான பதிவையே பகிர வேண்டும்.

கணக்கு ஒன்றாக இருந்தாலும் போதாது என்பதற்கும் இதே முறைதான் சாட்சி. வேல்ஸில் 2013 நவம்பரிலிருந்தும் வட அயர்லாந்தில் 2016 அக்டோபரிலிருந்தும் தரத்தை வாசலில் ஒட்டுவது கட்டாயம். இங்கிலாந்தில் உரிமையாளரின் விருப்பம். விருப்பத்துக்கு விட்டால் 5 வாங்கியவர் ஒட்டுவார், 1 வாங்கியவர் எதற்கு ஒட்டப்போகிறார்?

அட்டை எப்போது மாறும் என்பதும் முக்கியம். டொராண்டோவில் மஞ்சள் அட்டை வாங்கினால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மறு ஆய்வு. நியூயார்க்கில் மறு ஆய்வுக்குப் பிறகும் விசாரணை முடியும்வரை ‘தரம் நிலுவையில்’ என்ற அட்டையை ஒட்டலாம். சியாட்டில் அடங்கிய கிங் கவுண்டியிலோ கடைசி 4 வழக்கமான ஆய்வுகளின் சராசரிதான் வாசலில் ஒட்டும் முகச்சின்னமாகிறது (இமோஜி). ஒரே நாளில் ஒரே குறை கண்டுபிடிக்கப்பட்டாலும் மூன்று வாசல்களில் மூன்று விதமாகத் தெரியும்.

புதிய பொதுமுறைக்கு மாறும்போது முதல் 6 மாதம் ஒவ்வொரு ஆய்வையும் பழைய கணக்கிலும் புதிய கணக்கிலும் போட்டுப் பார்த்து, பழையதை மட்டும் வெளியிடுவது நல்லது. இல்லாவிட்டால் விதி மாறியதால் இறங்கிய தரத்தை, சமையலறை கெட்டுப்போனதாக மக்கள் நினைப்பார்கள். அதே காலத்தில் வெவ்வேறு துறைகளின் ஆய்வாளர்கள் இருவர் ஒரே சமையலறைக்குச் சேர்ந்து போய், தனித்தனியாக எழுதி, பிறகு ஒப்பிட வேண்டும். கிளம்புமுன் இருவரின் தெர்மாமீட்டரும் நொறுக்கிய பனிக்கட்டி கலந்த நீரில் 0 காட்டுகிறதா என்று பார்ப்பது 2 நிமிட வேலை. இதைத் தவிர்த்துவிட்டு ஆளை ஆள் குறை சொல்வதுதான் பல இடங்களில் நடக்கிறது.

சாப்பிட வருபவர் எழுத்தையோ நிறத்தையோ பார்க்குமுன் தேதியைப் பார்க்கலாம். பதினாறு மாதப் பழைய ‘ஏ’ இன்றைய சமையலறையைப் பற்றி அதிகம் சொல்லாது. அட்டையில் தேதி, முகவரி, ஆய்வு செய்த துறை மூன்றும் தூரத்திலிருந்து படிக்கும் அளவில் இருக்க வேண்டும். உரிமையாளர் மாறினால் பழைய அட்டை அன்றே இறங்க வேண்டும்.

போனில் ஆர்டர் செய்பவர் வாசலைப் பார்ப்பதே இல்லை. வேல்ஸ் சட்டப்படி, கேட்பவருக்கு ஊழியர் தரத்தை வாய்மொழியாகச் சொல்லியாக வேண்டும். எல்லை தாண்டி உணவு போகும் வட்டாரத்தில் இதைத் துறைகளுக்கு இடையிலான ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்: சொல்ல வேண்டியது சமைக்கும் இடத்தின் தரம், ஆர்டர் எடுக்கும் அலுவலகத்தின் தரம் அல்ல.