நாணயப் பிழைகள் எந்தக் கட்டத்தில் பிறக்கின்றன?

ஒரு நாணயத்தில் தெரியும் குறை நாணயச்சாலைக்குள் நேர்ந்ததா, புழக்கத்துக்கு வந்த பிறகு யாரோ வெட்டியோ சுத்தியலால் தட்டியோ உண்டாக்கியதா என்பதுதான் சேகரிப்பாளர் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி. உண்மையான பிழை ஒவ்வொன்றும் தயாரிப்பின் ஏதோ ஒரு கட்டத்தில் பிறந்ததாகத்தான் இருக்கும். எந்தக் கட்டம் என்று சொல்ல முடியாத குறையை வெறும் சேதமாகக் கருதுவதே பாதுகாப்பானது.

தயாரிப்பு உலோகத் தகட்டிலிருந்து தொடங்குகிறது. நீண்ட தகடு வெட்டும் இயந்திரத்துக்குள் சிறிது சிறிதாக நகர, அதிலிருந்து வட்ட வில்லைகள் வெட்டப்படுகின்றன. தகடு போதிய தூரம் நகராவிட்டால், ஏற்கெனவே வெட்டிய துளையின் ஒரு பகுதி மீதே வெட்டுக்கருவி மீண்டும் இறங்கும். தேய்த்த மாவில் டப்பா மூடியால் பூரி வெட்டும்போது மூடி முந்தைய வட்டத்தில் பாதி படிந்தால் என்ன ஆகுமோ அதுவே இங்கும் நிகழ்ந்து, ஓரத்தில் பிறை வடிவக் குறையுள்ள வில்லை கிடைக்கிறது.

இத்தகைய குறையை அரத்தால் அராவிப் போலியாக உண்டாக்குவது எளிது என்றாலும், அதைக் காட்டிக்கொடுக்கும் தடயம் குறைக்கு எதிரேயுள்ள விளிம்பில் இருக்கிறது. வெட்டப்பட்ட வில்லைகள் சூடாக்கி மென்மையாக்கப்பட்ட பின், விளிம்பு உயர்த்தும் இயந்திரத்தில் இரு பக்கமும் நெருக்கப்பட்டு உருட்டப்படுகின்றன. பிறைக்குறை உள்ள இடம் அந்த நெருக்கும் பரப்பைத் தொடாது. ஒரு பக்கம் அழுத்தம் இல்லாதபோது அதற்கு நேர் எதிரே உள்ள பக்கத்திலும் அழுத்தம் விழாது. ஆகவே, நாணயச்சாலையிலேயே குறைபட்ட நாணயத்தில் குறைக்கு நேர் எதிரேயுள்ள விளிம்பும் பெரும்பாலும் மங்கியிருக்கும். இந்த நுட்பத்தை அறியாத போலிக்காரர் குறையை மட்டும் செய்துவிட்டு எதிர் விளிம்பைக் கூர்மையாகவே விட்டுவிடுகிறார்.

அடுத்தது அச்சடிப்பு. இரண்டு எஃகு அச்சுகளுக்கு இடையே, சுற்றிலும் ஒரு வளையம் தாங்க, வில்லை அழுத்தப்படுகிறது. ஓரத்தின் பல்வரிகளைத் தருவதும் அந்த வளையமே. நவீன இயந்திரங்கள் நிமிடத்துக்கு 700-க்கும் மேற்பட்ட நாணயங்களை அடிக்கும் வேகத்தில், வில்லை சற்றே விலகி நின்றால் உருவம் மையம் தவறி விழுகிறது. வளையம் மட்டும் உரிய இடத்துக்கு வராவிட்டால் உலோகம் தடையின்றிப் பரவி, நாணயம் அகன்றும் ஓரம் வழுவழுப்பாகவும் போகிறது. அடிக்கப்பட்ட நாணயம் வெளியேறாமல் ஓர் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால் நிலைமை இன்னும் வேடிக்கையானது: அடுத்து வரும் வில்லையில் அந்த நாணயமே அச்சாகச் செயல்பட்டு, ஒரு பக்கத்து உருவத்தை மறுபக்கத்தில் குழிவாகவும் இடவலம் மாறியும் பதிக்கிறது. வில்லையே வராமல் அச்சுகள் இரண்டும் நேருக்கு நேர் மோதினால், ஒன்றின் வடிவம் மற்றொன்றில் தழும்பாகப் பதிந்து, பின்னர் அடிக்கப்படும் நாணயங்களில் எல்லாம் நிழல்போலத் தெரியும்.

அச்சிலேயே பிழை இருந்தால் அது ஒரு நாணயத்தோடு நிற்பதில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச்சாலை 1955-இல் அடித்த லிங்கன் சென்ட் இதற்குப் புகழ்பெற்ற சான்று. அக்காலத்தில் தாய் அச்சை எஃகில் ஒருமுறை அழுத்தி, இறுகிப்போன எஃகை மீண்டும் சூடாக்கி மென்மையாக்கி, இரண்டாம் முறை அழுத்தியே அச்சு தயாரித்தனர். இரண்டாவது அழுத்தம் சிறிது சுழன்று விழுந்ததால் ஆண்டும் எழுத்துகளும் வெறுங்கண்ணுக்கே இரட்டையாகத் தெரிந்தன. பிழை கண்டுபிடிக்கப்படுவதற்குள் அவை ஏராளமான நல்ல நாணயங்களோடு கலந்துவிட்டதால், மொத்தத்தையும் உருக்குவதைவிட வெளியே விடுவதே மேல் என்று முடிவானது. அவற்றில் பல சிகரெட் இயந்திரங்கள் வழியாக மக்களை அடைந்தன: 23 சென்ட் விலையுள்ள பெட்டிக்கு 25 சென்ட் போட வேண்டியிருந்ததால், மீதி இரண்டு சென்ட்டைப் பெட்டியின் உறைக்குள்ளேயே வைத்து விற்றனர். அடிக்கும்போது அச்சு அதிர்வதாலும் எழுத்துகளின் ஓரத்தில் தட்டையான படி போன்ற தோற்றம் உண்டாகும். இணையத்தில் ‘இரட்டை அச்சு’ என்று விற்கப்படுவனவற்றில் பல இந்த வகையே, இவற்றுக்குத் தனி மதிப்பு கிடையாது.

இனி, உலோகம் மாறிய பிழை. இரண்டாம் உலகப் போரில் செம்பு தேவைப்பட்டதால், 1943-இல் அமெரிக்க சென்ட் துத்தநாகம் பூசிய எஃகில் அடிக்கப்பட்டது. முந்தைய ஆண்டின் வெண்கல வில்லைகள் சில கலன்களில் சிக்கிக் கிடந்து புதிய வில்லைகளோடு கலந்ததாகக் கருதப்படுகிறது. அவ்வாறு பிறந்த வெண்கல நாணயங்கள் மிக அரியவை என்பதால், எஃகு நாணயத்துக்குச் செம்பு பூசிய போலிகள் பெருகின; காந்தத்தில் ஒட்டினாலே அவற்றின் குட்டு வெளிப்பட்டுவிடும். 1943-இன் எஃகு சென்ட் சுமார் 2.7 கிராம், வெண்கலமோ சுமார் 3.1 கிராம், எனவே தராசும் உதவும்.

அச்சுகள் இரண்டும் குறையற்றவையாக இருந்து, ஜோடி மட்டும் மாறிப்போவதும் உண்டு. பிரிட்டனில் 2008-இல் 20 பென்ஸின் வடிவம் மாறியபோது, பின்பக்கத்தில் இருந்த ஆண்டு அரசியின் உருவமுள்ள முன்பக்கத்துக்கு மாற்றப்பட்டது. புதிய பின்பக்க அச்சோடு பழைய முன்பக்க அச்சு இணைக்கப்பட்டதால், ஆண்டே இல்லாத நாணயங்கள் பல்லாயிரக்கணக்கில் புழக்கத்துக்கு வந்தன. அவையும் சட்டப்படி செல்லுபடியாகும் 20 பென்ஸ் நாணயங்களே என்று அந்நாட்டு நாணயச்சாலையான ராயல் மின்ட் அறிவித்தது.